இளங்கோவுக்குக் காட்டிய மெடல்

நவம்பர் 14, வியாழன்

காலை ராகிக் கஞ்சி அரை டம்ளர். பாதி வாயில், பாதி துண்டில். எட்டு மணிக்கு இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன். முதுகில் புண் இல்லை.

பிசியோதெரபி செய்ய வருகிற பெண் இப்படித் தினமும் எழுதி வைக்கச் சொன்னாள். சத்துணவுக் கூடத்தில் காலமெல்லாம் முட்டைக் கணக்கு எழுதினவளுக்கு இது ஒரு வேலையா? ஆனால் இரண்டு வரி எழுதினால் மூன்றாவது தானாக வருகிறது. பேச ஆள் இல்லாத வீட்டில் கையில் நோட்டு கிடைத்தால் இப்படித்தான் ஆகும்.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. "காது கேக்குது, எல்லாம் புரியுது. ஆமாம்னா இடது கையால அழுத்தச் சொல்லுங்கம்மா, பழகிடுவாரு" என்றாள் அந்தப் பெண். பழகிவிட்டார். அதற்கு முன்னால் மட்டும் இந்த மனுஷன் என்ன பேசிக் கிழித்தார் என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

நவம்பர் 18, திங்கள்

சுபேதார் மாசிலாமணி வந்தார். பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆகி வந்தபின் ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் முன் வரிசை நாற்காலி இவருக்குத்தான். கீழ்த்தாங்கலிலிருந்து பட்டாளத்துக்குப் போன எல்லோர் பெயரையும் கல்லில் வெட்டி, ஏரிக்கரை முனையில் நிறுத்தப் போகிறார்களாம். டிசம்பர் பதினாறு திறப்பு விழா.

"பேரு, படை, எந்த வருஷத்துலேர்ந்து எந்த வருஷம், எந்த யுத்தம். அவ்ளோதான் அண்ணி. அண்ணன் எழுபத்தொண்ணுல எந்தப் பக்கம் இருந்தாரு, கெழக்கா மேற்கா?"

"டாக்கா" என்றேன்.

"அவரே சொன்னாரா?"

இது என்ன கேள்வி என்று கோபம் வந்தது. டாக்காதான். அந்தச் சண்டை நடந்தபோதுதான் எங்கள் முதல் பிள்ளை இளங்கோ ஏழு மாதக் குழந்தையாகக் காய்ச்சலில் போனான். அந்த வருடம் முழுக்க யாருக்கும் லீவு இல்லை. அவன் பிறந்ததையும் இவர் வந்து பார்க்கவில்லை, போனதையும் பார்க்கவில்லை. தந்தி கொடுத்தோம். என் அண்ணன்தான் அவனைக் கையில் ஏந்திக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார். பெற்றவன் கை செய்ய வேண்டிய வேலை அது.

தை மாதம்தான் இவர் வந்து நின்றார். சண்டை இல்லாதிருந்தால் அன்றைக்கே இந்த ஆளோடு வாழ்வதை விட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன். சண்டை என்கிற ஒரே காரணத்துக்காகத்தான் மன்னித்தேன். இதை இவரிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"மெடல் இருக்குமே, எடுத்து வைங்க. நாளைக்கு வந்து பாக்கறேன். அதுலயே எல்லாம் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் 19, செவ்வாய்

மெடல் டப்பாவைச் சுபேதாரிடம் கொடுத்தேன். நான்கு மெடல். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டாளத்து மெடலில் விளிம்பைச் சுற்றி நம்பர், பெயர், படை எல்லாம் வெட்டியிருப்பார்களாம். இத்தனை வருடத்தில் எனக்கு அது தெரியாது.

"இன்னா அண்ணி, இது ஒண்ணுல மட்டும் எழுத்தே இல்ல. எதைப் போட்டுத் தேச்சீங்க?"

"புளியும் சாம்பலும்."

"மெடலைப் போய் யாராச்சும் பாத்திரம் மாதிரி தேய்ப்பாங்களா?"

தேய்ப்பேன். அந்த நான்கில் இந்த ஒன்றை மட்டும் வருடா வருடம் தேய்ப்பேன். டிசம்பர் ஒன்பது இளங்கோவுக்கு ஒரு டம்ளர் பால் வைத்து, பக்கத்தில் அந்தச் சண்டை மெடலைப் பொட்டு இட்டு வைப்பேன். உங்கப்பன் வராததற்கு இதுதான்டா காரணம், கோபித்துக்கொள்ளாதே என்று பிள்ளையிடம் காட்டுவதற்காக. இதைச் சுபேதாரிடம் சொல்லவில்லை. பைத்தியம் என்பார்.

அவர் வரிசையாகச் சொன்னார். ஒன்று காஷ்மீரில் இருந்ததற்கு. ஒன்று சுதந்திரம் வந்து இருபத்தைந்து வருடம் ஆனதற்கு எல்லோருக்கும் கொடுத்தது. ஒன்று ஒன்பது வருட சர்வீசுக்கு. நான் தேய்த்துத் தேய்த்து வழுவழுவென்று ஆக்கியது நான்காவது.

"இதுதான் சங்க்ராம் மெடல். எழுபத்தொண்ணுக்குக் குடுத்தது."

"அதான் சொன்னேனே" என்றேன்.

"இருங்க அண்ணி. இது அப்ப பட்டாளத்துல இருந்த எல்லாருக்கும் உண்டு. சமையல் கட்டுல இருந்தவனுக்கும் உண்டு. சண்டை நடந்த எடத்துக்குப் போனவனுக்கு இதோட கூடவே ஒரு ஸ்டார் குடுப்பாங்க. கெழக்குன்னா பூர்வி ஸ்டார், மேற்குன்னா பஸ்சிமி ஸ்டார். நட்சத்திரம் மாதிரியே இருக்கும். அது எங்க?"

டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தோம். இல்லை.

"எங்கயாச்சும் உழுந்திருக்கும். தேடி வைங்க" என்றார். காபி குடிக்காமல் போய்விட்டார்.

நவம்பர் 20

பீரோ, டிரங்குப் பெட்டி, பரண். இல்லை. கஞ்சி கொடுக்க ஒரு மணி நேரம் தாமதம்.

நவம்பர் 22, வெள்ளி

அரிசி டிரம்மைக்கூடக் கொட்டிப் பார்த்துவிட்டேன். நட்சத்திரம் அரிசிக்குள் எப்படிப் போகும்?

அம்பத்தூரிலிருந்து திலகா போன் செய்தாள். இளங்கோவுக்குப் பிறகு பிறந்த ஒரே மகள். "சின்ன வயசுல ஸ்டார் மாதிரி எதையாவது எடுத்து விளையாடினியாடி?" என்று கேட்டேன். "அப்பா அந்த டப்பாவைத் தொடவே விடமாட்டாரேம்மா. உனக்கு ஞாபகம் இல்லையா? சண்டைக் கதை சொல்லச் சொன்னாக்கூட எழுந்து போயிடுவாரு" என்றாள்.

ஞாபகம் இருக்கிறது. பெருமை பேசாத மனுஷன் என்று நான்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 23, சனி

அவரிடமே கேட்டேன். "ஸ்டார் மெடல் ஒண்ணு இருந்துச்சா?" கையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அழுத்தவில்லை. தூக்கக் கலக்கம் போலிருக்கிறது. வலது காலில் வீக்கம், தலையணை வைத்தேன்.

நவம்பர் 27, புதன்

சுபேதார் மறுபடி வந்தார். தேடிக் கிடைக்கவில்லை என்றேன். சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்தார். ரிட்டயர் ஆன வருடம் வேலூர் ஸ்டூடியோவில் முழு யூனிஃபார்மில் எடுத்தது. கழற்றித் தரச் சொல்லி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

மெடலை நெஞ்சில் குத்துவதற்கு வரிசை உண்டாம். எது முந்தி, எது பிந்தி என்று பட்டாளத்தில் விதி. ஸ்டார் இருந்தால் சங்க்ராமுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டினார். போட்டோவில் நான்குதான். டப்பாவில் இருக்கிற அதே நான்கு.

"அப்ப வரை குடுக்காம இருந்திருப்பாங்க" என்றேன்.

"அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே எல்லாருக்கும் வந்துடுச்சு அண்ணி." குரலைத் தணித்துக்கொண்டார். "தொலையல. இருந்ததே இல்ல."

கட்டிலில் இவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். தூங்கவில்லை. ஐம்பத்தைந்து வருடம் பக்கத்தில் படுத்தவளுக்கு அது தெரியாதா?

சுபேதாருக்கு என்னைப் பார்க்கச் சங்கடமாகிவிட்டது. "அண்ணன்கூட வேலை பாத்தவங்க யாராச்சும் இருந்தா கேட்டுடலாம். வாட்ஸப் குரூப்ல போட்டா ஆள் கெடைக்கும்" என்றார். கோலார் தங்கவயல் அந்தோணிசாமி என்று ஒருவர் திலகா கல்யாணத்துக்கு வந்திருந்தார். பெயரைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

நவம்பர் 30, சனி

யோசித்துப் பார்க்கிறேன். இவர் வாயால் டாக்கா என்று எப்போதாவது சொன்னாரா? தை மாதம் வந்து நின்றவரிடம் நான்தான் கேட்டேன், "சண்டையில மாட்டிக்கினீங்களா?" என்று. தலையை ஆட்டினார். டாக்கா என்று சொன்னது என் மாமனார், ரேடியோவில் கேட்டுவிட்டு.

அப்போதெல்லாம் கடிதம் பெங்களூரில் இருக்கிற பட்டாளத்துப் பயிற்சி சென்டர் முகவரிக்குத்தான் போடுவோம். "ஆளு எங்க இருந்தாலும் அங்கேர்ந்து அனுப்பி வைப்பாங்க" என்பார் மாமனார். நாங்கள் யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. பட்டாளத்துக்காரன் என்றால் சண்டை, சண்டை என்றால் டாக்கா. ஊரே அப்படித்தான் நினைத்தது.

டிசம்பர் 2, திங்கள்

சுபேதார் போனைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். நல்ல மனுஷன்.

அந்தோணிசாமிக்கு எண்பது வயது, குரல் மட்டும் கணீரென்று இருக்கிறது. கன்னியப்பன் சம்சாரம் என்றதும் அவ்வளவு சந்தோஷம். "கன்னி எப்படிம்மா இருக்கான்?" என்றார். சொன்னேன். பிறகு சண்டையைப் பற்றிக் கேட்டேன்.

"நாங்க எங்க தங்கச்சி சண்டைக்குப் போனோம்? பெங்களூர்லயே ஒக்கார வச்சிட்டாங்க. சாப்பர் வேலைக்கு வந்த புதுப் பசங்களுக்குப் பாலம் போடக் கத்துக்குடுக்கற வேலை. டாக்கா புடிச்சதை ரேடியோவுலதான் கேட்டோம்."

"தந்தி வந்தப்ப அவரு எங்க இருந்தாரு?"

"எங்கூடத்தான். பையனுக்கு ஒடம்பு முடியலன்னு வந்துச்சு. லீவே இல்லாத நேரம், ஆனா மேஜர் அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டாரு. ராத்திரி வண்டிக்கு நான்தான் ஏத்தி உட்டேன். வண்டி கெளம்பறதுக்குள்ள ஓடிப்போய்ப் பையனுக்கு ஒரு சொக்கா வாங்கினு வந்தான். அளவு தெரியல, ஏழு மாசப் புள்ள எவ்ளோ பெருசு இருக்கும்னு என்னைக் கேக்கறான். எனக்கென்ன தெரியும், எனக்கு அப்பக் கல்யாணமே ஆவல."

பெங்களூரில் ராத்திரி வண்டி ஏறினால் விடியும்போது காட்பாடி.

"லீவு முடியறதுக்கு முன்னாடியே திரும்பிட்டான். அடக்கம் பண்ணிட்டு வந்துட்டேன்னு சொன்னான். அவன்தானே தூக்கினு போயிருப்பான், பாவம். அதுக்கப்பறம் நான் ஒண்ணும் கேக்கல தங்கச்சி."

"ஆமாண்ணே" என்றேன். "அவருதான் தூக்கினு போனாரு."

எப்படி அந்தப் பொய் வந்தது என்று தெரியவில்லை. வயிறு எரிந்துகொண்டிருக்கிறது, வாய் மட்டும் புருஷனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறது.

டிசம்பர் 3

கஞ்சி கொடுத்தேன். திருப்பிப் படுக்க வைத்தேன். பேசவில்லை.

டிசம்பர் 4

அதேதான்.

டிசம்பர் 6, வெள்ளி

பிசியோ பெண் வந்தாள். "ஏம்மா ஐயா டல்லா இருக்காரு, கையை நீட்ட மாட்டேங்கறாரு?" என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்றேன். அவள் போனபிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். ஒரு ராத்திரி வண்டி. ஒரே ஒரு ராத்திரி வண்டி. மத்தியானம் வரைக்கும் வைத்திருந்தோமே, அப்பன் வந்துவிடுவான் வந்துவிடுவான் என்று. வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால்கூட எழுந்து எழுந்து பார்த்தேனே. எங்கே போய்த் தொலைந்தீர்? எவள் வீட்டில் இருந்தீர்?

கேட்டேன், அதையும் கேட்டேன். அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. நான் துடைக்கவில்லை. இந்த ஆளுக்குத் துடைத்துவிட்டது போதும் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

டிசம்பர் 9, திங்கள்

இளங்கோவுக்குப் பால் வைத்தேன். மெடல் வைக்கவில்லை.

டிசம்பர் 11, புதன்

இரண்டு நாளாக ஒரே ஒரு விஷயம் மனசைக் குடைந்துகொண்டிருந்தது. சொக்கா வாங்கியிருக்கிறார். வராத எண்ணத்தோடு இருந்தவன் எதற்குச் சொக்கா வாங்க ஓடுகிறான்?

மத்தியானம் உடம்பைத் துடைத்து வேறு வேட்டி கட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இடது கையை எடுத்துக்கொண்டேன். "கோவமா கேக்கல. ஆமான்னா அழுத்துங்க" என்றேன்.

"காட்பாடியில எறங்கினீங்களா?"

அழுத்தினார்.

"நம்ம ஊருக்கு அப்ப இருந்த ஒரே பஸ்ஸு, அந்த மத்தியான பஸ் ஏறினீங்களா?"

அழுத்தினார்.

"வீட்டுக்கு வந்தீங்களா?"

கை அப்படியே கிடந்தது. எனக்கு அடுத்துக் கேட்கப் பயமாக இருந்தது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து வீட்டுக்கு வர ஏரிக்கரை வழிதான். இடுகாட்டுக்குப் போவதற்கும் அதே வழிதான்.

"ஏரிக்கரை வரைக்கும் வந்தீங்களா?"

அழுத்தினார்.

"எங்கண்ணன் தூக்கினு போனதைப் பாத்தீங்களா?"

அழுத்தவில்லை. சரி, பார்க்கவில்லை என்று நினைத்துக் கையை விடப் போனேன். அப்போது அழுத்தினார். நகம் பதிகிற மாதிரி அழுத்தினார்.

அண்ணன் வெள்ளைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். முகம் மட்டும் வெளியே தெரியும்படி விடச் சொல்லி நான்தான் அழுதேன். இவர் கிட்டே போயிருந்தால் அண்ணன் கையில் கொடுத்திருப்பார்.

"அதுவரைக்கும் பாக்காத மொகத்தை அப்படிப் பாக்க முடியலையா?" என்று கேட்டேன்.

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவரிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்துவிட்டார்கள். புரையேறிவிட்டது என்று சொல்லி அனுப்பினேன்.

டிசம்பர் 12

திலகா பிறந்தபோது சொல்லாமல் கொள்ளாமல் பட்டாளத்திலிருந்து வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். பிள்ளையைக் கழுவுவதற்குள் கையில் கொடுக்கச் சொல்லி நர்சோடு சண்டை போட்டார். அவளுக்கு லேசாக உடம்பு சுட்டால் போதும், ராத்திரி முழுக்கத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். பெண் பிள்ளைமேல் என்ன ஆசை என்று நான் கிண்டல் செய்வேன்.

மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், இல்லை. எனக்கும் அன்றைக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லைதான். ஆனால் நான் பார்த்தேன். யாராவது பார்க்க வேண்டும் அல்லவா? தனியாக என்னைப் பார்க்க விட்டுவிட்டுப் போனாரே, அது ஆறவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

சுபேதார் வந்தார். கல் வெட்டுகிறவன் சாயங்காலத்துக்குள் கேட்கிறானாம்.

"எழுபத்தொண்ணு போர்னு போட்டுடறேன் அண்ணி. சங்க்ராம் மெடல் இருக்கே, பொய் ஒண்ணும் இல்ல. யாரு கேக்கப் போறாங்க?"

"நான் கேப்பேன் தம்பி. சாப்பர் கன்னியப்பன், அறுபத்தாறுலேர்ந்து எம்பத்துநாலு. அது போதும்."

"மத்தவங்களுக்கெல்லாம் போர் இருக்கும், அண்ணனுக்கு மட்டும் இல்லாம மொட்டையா இருக்கும்."

"இருக்கட்டும்" என்றேன்.

போகும்போது அந்தோணிசாமி என்ன சொன்னார் என்று கேட்டார். இவர் பெங்களூர் சென்டரில் இருந்தாராம், நல்ல வேலைக்காரராம் என்று சொன்னேன்.

டிசம்பர் 16, திங்கள்

ஊரே கல் திறக்கப் போயிருக்கிறது. மைக் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. ஒவ்வொரு பெயராகப் படித்தார்கள். இவர் பெயர் வந்தபோது கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"சண்டைன்னு போட வேணாம்னுட்டேன்" என்றேன். கையை அழுத்தினார். அழுத்தியது சந்தோஷத்தில்தான் என்று எனக்குப் பட்டது. இத்தனை வருடம் தூக்கிக்கொண்டிருந்ததை யாரோ வாங்கி இறக்கி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது முகம்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். "பையன் எப்படி இருந்தான்னு சொல்லட்டுமா?" என்று கேட்டேன். இத்தனை காலத்தில் அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அக்கறை இல்லாத ஆளிடம் எதற்கு வாயை வீணாக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். அவர் அழுத்தினார். அழுத்திய கையை எடுக்கவே இல்லை.

சொல்ல ஆரம்பித்தேன். தலை நிறைய முடி. தண்ணீர் ஊற்றினால் சிரிப்பான், துடைத்தால்தான் அழுவான். என் தாலிக்கயிற்றை இழுத்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே தூங்குவான். இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். குப்புற விழுந்து நீச்சல் அடிக்கிற மாதிரி காலை உதைப்பானே தவிர முன்னால் நகர வராது, ஆத்திரத்தில் பாயைக் கடிப்பான். எல்லாம் வரிசையாக வந்தது. பிறகு முகத்துக்கு வந்தேன்.

வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். திலகாவின் முகம் வருகிறது, அவள் பிள்ளைகளின் முகம் வருகிறது. இளங்கோ வரவில்லை. அவனைப் போட்டோ எடுக்கவில்லை. அப்பன் லீவில் வந்ததும் மூன்று பேருமாகப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று மாமனார் சொல்லியிருந்தார். அவனைப் பார்த்த மாமனார், மாமியார், அம்மா, அண்ணன் எல்லோரும் போய்ச் சேர்ந்தாயிற்று. அவன் முகத்தைப் பார்த்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். நானும் மறந்திருக்கிறேன். எந்த வருடம் மறந்தேன் என்றுகூடத் தெரியவில்லை. அவனைப் பெற்றவள் நான்.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"அப்படியே உங்களை உரிச்சு வச்ச மாதிரி இருந்தான்" என்றேன். "அந்தக் கண்ணு, அந்த மூக்கு. பாத்தவங்க எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க."

அவர் அழுதார். நானும் அவர் நெஞ்சில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். இரண்டு பேரும் சேர்ந்து அவனுக்காக அழுதது இதுதான் முதல் தடவை.